கம்பியில் முளைத்த கரிமுள்

கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பாதாம் பால் கடை. நேற்று எசன்ஸ் புட்டியைத் திறந்தார்கள். மற்றவர்களுக்கு நாக்கு ஊறியிருக்கும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாதாம் பாலுக்கு அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எனக்கு அது பென்சோநைட்ரைல் என்ற ஆய்வகத் திரவத்தின் வாசனை. சென்னையில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, மூலக்கூறுகளை எடைபோடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒன்றை நாங்கள் முறைவைத்துப் பயன்படுத்தினோம். எங்கள் ஊர் ஓடைக்கரைச் செடியின் வேரிலிருந்து நான் பிரித்தெடுத்த பொருளைச் சாதாரணமாக அதில் வைத்தால் தூள்தூளாகச் சிதறிவிடும். சிதறாமல் அயனியாக்க, தலைமுடியைவிட மெல்லிய டங்ஸ்டன் கம்பி வேண்டும். வழவழப்பான கம்பி உதவாது. பென்சோநைட்ரைல் ஆவியில் அதைச் சூடாக்கி உயர் மின்னழுத்தம் கொடுத்தால், மேலெல்லாம் கரி ஊசிகள் முளைக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் கரிசல்காட்டு உடைமரக் கிளையேதான், அத்தனை முள்! அந்த முனைகளில் குவியும் மின்புலம் மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரானை நோகாமல் உருவிக்கொள்ளும்.

எனக்குத்தான் முள் சரியாக முளைக்கவில்லை. ஒரு கம்பி தீப்பொறியில் போயிற்று. இன்னொன்று, சொன்னால் சிரிப்பீர்கள், என் தும்மலில். உதவித்தொகை முடியும் நேரம். குப்பியின் அடியில் கொஞ்சூண்டு பொருள்தான் மிச்சம்.

குளத்தூர் செல்வராணி அக்காவும் அங்கே ஆராய்ச்சி மாணவிதான். அன்று மதியம் கருவியில் அவளுடைய முறை. பாடுபட்டு வளர்த்த கம்பியைக் கையில் வைத்திருந்தவள், என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏட்டி, இத நீ போடு."

"அப்ப ஒங்களுக்கு?"

"நான் இன்னொண்ணு வளத்துக்கிடுதேன். ஒம் பொருளு கெட்டுப்போச்சுன்னா எங்க போயி நிப்ப?"

கம்பியில் ஒரு துளி வைத்தோம். மெல்ல மெல்லச் சூடேற்றினோம். பதிவுத்தாளில் பேனா வெறும் நேர்கோடாகவே ஓடியது. பிறகு சட்டென்று எழும்பியது. உடையாத முழு மூலக்கூறு! அக்கா என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

அவளுடைய அடுத்த கம்பி பொறியில் கருகியது. மறுபடி முறை வர மழைக்காலம் ஆயிற்று. ஆய்வேட்டையும் எனக்குப் பிறகுதான் முடித்தாள். ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. இன்று நான் கோவில்பட்டியில் வேதியியல் கற்பிக்கிறேன் என்றால் அந்த மதியத்தால்தான். நேற்று ராத்திரி போனில் சொன்னேன்.

"எந்தக் கம்பிட்டீ?" என்றாள். நிஜமாகவே மறந்திருக்கிறாள்.

இப்போது கரைசலைத் தெளித்தே அயனியாக்குகிறார்கள். என் மாணவர்கள் மாதிரியை அனுப்பிவிட்டு மின்னஞ்சலில் முடிவைப் பார்க்கிறார்கள். நல்லதுதான். யாரும் கம்பி வளர்க்க வேண்டியதில்லை. வளர்த்ததை இன்னொருத்திக்குத் தூக்கிக் கொடுக்கவும் வழியில்லை.