கரி பஸ்ஸில் கற்ற இங்கிலீசு

தெருமுனையில் இஸ்திரிக்காரர் பெட்டிக் கரியை விசிறும்போதெல்லாம், யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ் அறந்தாங்கியில் நின்ற ஓலைக் கொட்டகைக்கு நான் போய்விடுகிறேன். பஸ்ஸின் பின்னாலிருந்த அடுப்புக்குக் காற்றடிக்க ஒருவர் கைப்பிடியைக் கரகரவென்று சுற்றுவார், புகை கண்ணை எரிக்கும், ஏறியவர்கள் இருமிக்கொண்டே இடம் பிடிப்பார்கள். அப்படிப் பிடித்த இடத்தில் அப்பாவும் நானும் இருந்தபோது, ஓர் அதிகாரிக்கு இடம் வேண்டிக் கண்டக்டர் விரலை நீட்டி, "கெட் டவுன்" என்றார். அப்பா மறுபேச்சில்லாமல் என்னையும் கூட்டிக்கொண்டு இறங்கினார். இரண்டாம் வகுப்போடு நின்ற நான் அதற்கு அர்த்தம் படித்தது அப்படித்தான்.

யாருக்கும் தலைகுனியாமல் இத்தனை வயது வந்துவிட்டேன். அடுத்து நடந்ததை நினைத்தால் மட்டும் குனிகிறது.

மறுநாள் அப்பா ஓட்டிய மாட்டுவண்டியில், எப்போதும்போல் என் பக்கத்தில் ஏறியிருந்தாள் எங்கள் பண்ணையாள் மகள் செல்லி. அதேபோல் விரலை நீட்டி, "கெட் டவுன்" என்றேன். அவள் இறங்கினாள். அப்பா திரும்பி என்னைப் பார்த்துவிட்டு மாட்டை ஓட்டினார்.

சுடுமண்ணில் வண்டியோடு நடந்துவந்தவள் கேட்டாள். "அது என்னா பாசை புள்ள?"

"இங்கிலீசு."

"எனக்குஞ் சொல்லித் தாரியா?"

ஏறிக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊர் வரும்வரை நான் சொல்லவில்லை.