விரித்துப் பார்த்த பிறகே அழிக்கச் சொன்னவர்

வசந்தி இறந்த செய்தி போளூர் பஸ் நிலையத்தில் நின்றபோது எனக்குப் போனில் வந்தது. "அக்கா போய்ட்டாங்க சார், காலையிலதான்" என்றார் அவருடைய தங்கை. முதலில் எனக்கு வந்தது கோபம். இன்னும் பதினோரு வீட்டு வேலை பாக்கி கிடக்கிறது, அதற்குள் என்ன அவசரம் என்று வாய்விட்டே திட்டினேன். பக்கத்தில் நின்றவர் ஒதுங்கிப் போனார். வசந்தியோடு பழகிய உங்களுக்குத் தெரியும், கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

ஜவ்வாது மலை ஊர்களில் மக்கள் வைத்திருக்கும் பழைய நிலக் காகிதங்களை ஸ்கேன் செய்து, பல தலைமுறைக்குத் தாங்கும்படி சேமிப்பது எங்கள் சிறிய குழுவின் வேலை. படம் எடுப்பவன் நான். கோப்புகளைச் சுருக்கி வைப்பவர் வசந்தி. சுருக்கியதை மறுபடி விரித்து, ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை என்று பார்த்த பிறகே மூலக் கோப்பை அழிக்க விடுவார். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. கண்ணுக்கு ஒரே மாதிரிதானே தெரிகிறது, இன்னும் சின்னதாக்கினால் என்ன என்று நச்சரிப்பேன்.

"பொடவைய மடிச்சு வெச்சாலும் எடம் கொறையும், கத்தரிச்சு வெச்சாலும் கொறையும். நீங்க எதக் கட்டுவீங்க சார்?" என்பார்.

"நான் வேட்டி கட்றவனுங்க" என்று தப்பித்துக்கொள்வேன்.

ஒருமுறை அவர் விடுப்பில் இருந்தபோது ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது. புதூர்நாட்டுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் படங்கள் முழுவதையும் நுண்விவரங்களை உதறி இடத்தை மிச்சப்படுத்தும் ஜேபெக் வடிவத்துக்கு மாற்றி, முடிந்தவரை சுருக்கி, மூலங்களை அழித்துவிட்டேன். திரும்பி வந்த வசந்தி, விவசாயி சின்னராசு வீட்டுக் காகிதத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அதன் ஓரத்தில் சின்னராசுவின் பாட்டனார் பெயர் மங்கலான பென்சிலில் இருந்தது. நிலம் அவர்களுடையது என்று சொல்ல இருந்த ஒரே எழுத்து அது. படத்தில் அந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டங்கள்தான் இருந்தன. வசந்தி திட்டவில்லை. "ஜீப்பு எத்தினி மணிக்கு?" என்றார்.

அந்த ஊரில் நிலக் காகிதத்தை விதைச் சாமையோடு ஒரே மூட்டையில் கட்டி வைப்பார்கள். நாங்கள் முதலில் முழுக் குழுவாகப் போனது விதைப்புச் சமயம் என்பதால் காகிதங்கள் கைக்குக் கிடைத்திருந்தன. இப்போது மறுபடி கேட்டதும் சின்னராசு முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

"வெதைப்புக்குத்தாங்க மூட்டைய அவுப்போம். நடுவுல அவுத்தா வெத மொளைக்காது."

நான் வாதாடத் தொடங்கினேன். வசந்தி என்னை நிறுத்திவிட்டு, "தப்பு எங்களுதுங்க. வெதைப்புக்கே வர்றோம்" என்றார்.

சொன்னபடி போனோம். சின்னராசு வீட்டில்தான் முதலில் எடுத்தோம். பென்சில் பெயர் தெளிவாக வந்தது. வசந்தி அந்தக் கோப்பை இரண்டு தரம் விரித்துப் பார்த்தார். ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் விதைத்து முடித்துவிடும், இந்த முறை போனதும் நாங்கள் இருவர்தான் என்பதால் வருடத்துக்குச் சில வீடுகளே முடிந்தன. போன வருடம் உடம்பு கெட்டு, சிகிச்சைக்கு நடுவிலும் வசந்தி ஜீப்பில் ஏறிவிட்டார். வேண்டாம் என்றேன். "வூட்ல படுத்துக்கினா மட்டும் இன்னா ஆயிடும்?" என்றார். நான் நகர்ந்து இடம் கொடுத்தேன்.

வசந்தியின் காரியம் முடிந்ததும் அவருடைய தங்கை, வீட்டில் அவர் வைத்திருந்த எங்கள் குழுவின் பதிவேட்டைக் கொடுத்தார். மறுபடி எடுத்த ஒவ்வொரு காகிதத்துக்கும் காரணம் எழுத அதில் ஓர் இடம் உண்டு. எல்லா வரியிலும் வசந்தியின் கையெழுத்தில் ஒன்றே இருந்தது: "சுருக்கியதில் பிழை. என் கவனக்குறைவு. வசந்தி." மூன்று வருடமாக என்னோடு ஒரே ஜீப்பில் வந்தவர் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அவர் பெயரை அடித்துவிடத்தான் கை போனது. ஆனால் பதிவேட்டில் எதையும் அடிக்க விடாதவர் அவர். அதனால் ஒவ்வொரு வரிக்கும் கீழே, "பிழை செய்தவன் நான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பிடிவாதம் ஒன்றைத்தான். அடுத்த வாரம் மலையில் விதைப்பு. ஜீப்புக்குச் சொல்லிவிட்டேன். மிச்சமுள்ள வீடுகளில், படத்தைக் கெடுத்தது யார் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மூட்டையை அவிழ்க்கச் சொல்வேன்.