கறுப்புத் துணிக்கு ஒரு ஜன்னல்

கறுப்புத் துணி கைக்கு வந்தால் போதும், பூச்சி எழுந்து கை கழுவப் போய்விடுவாள். தையற்கூடத்தில் பல வருஷமாக எல்லாரும் பார்த்த பழக்கம் இது. உண்மையில் கை கழுவ அல்ல. பின்கதவோரம் கொஞ்சம் வெயில் விழும். துணியை இடுக்கிக்கொண்டு போய் அங்கே தையலைப் பார்த்துவிட்டு வருவாள். அவள் மூலையில் விளக்கு எரிந்தாலும் கறுப்பில் கறுப்பு நூல் ஓடுவது தெரியாது. அதைச் சொல்ல வாய் வராது. வாயில்லாப் பூச்சி என்று யாரோ சொன்னது தேய்ந்து பேராகவே நின்றுவிட்டது.

கூடத்துக்கு ஒரே ஜன்னல். முதலாளி காலத்தில் அதிகம் தைப்பவருக்கு அந்த இடம்.

"யாரு வேணா உழைச்சு முன்னாடி வரலாம்மா. நான் தடுக்கலையே" என்பார்.

பேச்சில் குறையில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்த புயல் என்கிற தையல்காரி வெளிச்சத்தால் அதிகம் தைத்தாள். அதிகம் தைத்ததால் அங்கேயே இருந்தாள். பூச்சியின் அண்ணன் அங்கே துணி வெட்டுபவர். ஒருநாள் அவர்தான் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "வெளிச்சம் என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று முதலாளியைக் கேட்டார். பூச்சிக்கு மெய் சிலிர்த்தது.

பின்னால் முதலாளி நொடித்துப்போய்க் கூடத்தை விற்றார். தொழிலாளிகளே சேர்ந்து வாங்கினார்கள். அண்ணன் செயலாளர் ஆனார்.

"இனி எல்லாம் எல்லாருக்கும். யாருக்கு எது தேவையோ அது அவங்களுக்கு" என்று முழங்கினார்.

கைதட்டல் அடங்குவதற்குள் அவர் மேஜை ஜன்னலோரம் போய்ச் சேர்ந்தது. பொதுக் காரியமாம். எல்லாருக்காகவும் அவர் ஒருத்தரே வெளிச்சத்தில் உட்கார வேண்டியிருந்தது.

பெரிய ஆர்டராகக் கறுப்புக் கோட்டு வந்தது. காலர் தைப்பது பூச்சியின் பங்கு. துணிக்கட்டுகளை அடுக்கியதில் பின்கதவு மறைந்துபோனது. கோணல் காலர் என்று கோட்டுகள் திரும்பி வந்தன. இன்னொரு முறை வந்தால் பூச்சி மெஷினை விட்டு இறங்கி நூல் பிசிறு வெட்டப் போக வேண்டும் என்று கூட்டத்தில் அண்ணனே அறிவித்தார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"யாராவது ஏதாவது சொல்லணுமா?"

பூச்சி எழுந்தாள். திரும்பி வந்த கோட்டைக் கொண்டுபோய் அவர் மேஜைமேல் விரித்தாள்.

"இங்க கோணல் தெரியுதுண்ணா. என் மூலையில தெரியல."

"அதுக்கு?"

"ஜன்னலை ஆளுக்குக் குடுக்காதீங்க. கறுப்புத் துணிக்குக் குடுங்க. இங்க ஒரு மெஷின் போடுவோம். யார் கையில கறுப்பு இருக்கோ அவங்க வந்து தைக்கட்டும்."

"அப்ப என் வேலை?"

"காகிதம் வெள்ளைதானேண்ணா. எங்க வச்சாலும் தெரியும்." அவள் நிறுத்தவில்லை. "வெளிச்சம் என்ன, நம்ம அப்பா வீட்டுச் சொத்தா?"

முதலில் சிரித்தவள் புயல்தான். "யப்பா, பூச்சி கொட்டிருச்சு!"

கூடமே குலுங்கியது. அண்ணன் காது சிவந்தது. பிறகு அவரே மேஜையின் ஒரு முனையைத் தூக்கினார். "வேடிக்கை பாக்குறீங்களே, அந்தப் பக்கம் பிடிங்கப்பா!"

அந்த ஆர்டரில் அதன்பின் ஒரு கோட்டும் திரும்பவில்லை. அடுத்ததும் இவர்களுக்கே வந்தது.

இப்போது அண்ணனின் மேஜை பின்கதவுப் பக்கம் இருக்கிறது. கறுப்பு வரும் நாளில் பூச்சி ஜன்னலோரம் தைக்கிறாள். மற்ற நாளில் தன் மூலையில். கை கழுவப் போனால் கை கழுவிவிட்டு வருகிறாள்.