அண்ணன் கடலில் பரீட்சை எழுதிய நாள்

என் அண்ணி கடலைப் பார்த்ததே இல்லை. அதனால் கடலைப் பற்றி அவருக்குச் சந்தேகம் என்று ஒன்று இருந்ததில்லை. ஆம்பூரில் பிறந்து, ஆம்பூரிலேயே வாழ்க்கைப்பட்டு, பாலாற்றில் வெள்ளம் வந்தால் மட்டும் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தவர். அவருக்குத் தெரிந்த கடல் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் வருகிற கடல். அதில் புயல் அடிக்கும், கப்பல் உடையும், மனிதனை மீன் விழுங்கும். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்த கப்பலைப் பற்றி எந்தப் போதகரும் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவரிடம் போய் அண்ணன், “ரங்கூன்ல வேலைக்குக் கூப்பிடறாங்க” என்று சொன்னார்.

அண்ணன் எங்கள் ஊரில் தோல் பதனிடும் ஷாப்பில் தரம் பிரிப்பவர். பதமான தோலைக் கையில் எடுத்துத் தடவினாலே போதும், இது முதல் தரம், இது இரண்டாம் தரம், இது கழிவு என்று சொல்லிவிடுவார். நானும் அதே ஷாப்பில்தான், தோல் ஊறப்போட ஆவாரம் பட்டை இடிக்கிற பக்கம் இருந்தேன். எங்களுக்கு ரங்கூனிலிருந்து மாட்டுத் தோல் வரும். அந்தத் தோல்களில் சூடு போட்ட குறிகள் இருக்கும்: வட்டம், பிறை, நமக்கு வாசிக்கத் தெரியாத ஏதோ எழுத்து. அண்ணன் அவற்றை விரலால் தடவிக்கொண்டே, “இந்த மாடு எந்த ஊர்ல மேஞ்சுதோ” என்பார். மாடு எங்கே மேய்ந்தால் நமக்கென்ன என்று நான் நினைத்துக்கொள்வேன். மதராஸில் பெரியமேட்டுத் தோல் வியாபாரி ஒருவர், ரங்கூனிலேயே இருந்து பச்சைத் தோல் பார்த்து வாங்கி அனுப்பக் கைதேர்ந்த ஆள் வேண்டும் என்று கேட்டதும்தான், அண்ணன் எத்தனை வருஷமாக அந்த மாடுகளின் பின்னால் போய்க்கொண்டிருந்தார் என்று புரிந்தது.

அவர் போகக்கூடாது என்பதுதான் என் ஆசை. அதை நான் ஒளித்து வைக்கவில்லை, வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அப்பா அம்மா போன பிறகு எனக்கு அண்ணனும் அண்ணியும்தான் வீடு. எனக்கு வயது இருபத்திரண்டு ஆகியும் என் தட்டில் சோறு குறைந்திருப்பதை அண்ணி சமையலறையிலிருந்தே கண்டுபிடிப்பார்.

அண்ணி அழவில்லை, சண்டை போடவில்லை. ஒரு நிபந்தனை போட்டார். “உங்களுக்கு ஜட்கா வண்டில போனாலே வயித்தப் பிரட்டும். நாலஞ்சு நாள் கப்பல்ல எப்படிப் போவீங்க? மொதல்ல ஒரு நாள் காலைலருந்து பொழுது சாயற வரைக்கும் கடல்ல இருந்து காட்டுங்க. வாந்தி எடுக்காம வந்தீங்கன்னா போங்க. எடுத்தீங்கன்னா ரங்கூன் பேச்சே கூடாது.”

“சரி” என்றார் அண்ணன். தோலைப் பார்த்து ஒரு சொல் சொன்னால் மாற்ற மாட்டார், வீட்டிலும் அப்படித்தான்.

கடலில் ஒரு நாள் இருக்கப் படகுக்கு எங்கே போவது? அண்ணனின் தோஸ்த் ஒருவர் இருந்தார், எங்கள் ஷாப்பு மேஸ்திரி, பாய் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். பாய்க்கு உலகத்தில் தெரியாத ஆள் கிடையாது. அவருக்குத் தெரிந்த, பெரியமேட்டுத் தோல் மண்டியில் வண்டி ஓட்டுகிறவருக்கு ராயபுரத்தில் ஒரு படகுக்காரர் சிநேகம். கப்பல்களுக்குச் சாமான் ஏற்றுகிற பாய்மரப் படகு அவருடையது, வேலை இல்லாத நாளில் கடலுக்கடியில் பாறை இருக்கிற இடத்துக்குப் போய்த் தூண்டில் போடுவார். ஒரு நாள் முழுக்க எங்களுக்கென்று அந்தப் படகை வாடகைக்குப் பேசி முடித்தார் பாய். “சும்மா ஒக்காந்து வாந்தி வருமா வருமான்னு பாத்துட்டு இருந்தா பேஜாரு. மீன் புடிச்சா பொழுது போவும்” என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. மூன்று பேருமே கடல் தெரியாத ஜன்மங்கள்.

முதல் நாள் ரயிலேறி மதராஸ் போய் மண்டிக் கிடங்கில் படுத்து, விடியும்போது ராயபுரம் கடற்கரையில் நின்றோம். பாய் தலையில் ஒரு பெரிய தேக்சாப் பாத்திரம். ஆம்பூரிலிருந்து சுடச்சுடக் கொண்டுவர முடியாதே என்று, கிடங்கு முற்றத்திலேயே முன்னிரவில் ஆக்கிய பிரியாணி. அண்ணி தன் பங்குக்குச் சுக்கு, எலுமிச்சம்பழம், ஊறுகாய் என்று ஒரு மூட்டை கட்டிக் கொடுத்திருந்தார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. தோற்க வேண்டும் என்று நினைக்கிறவர் இவ்வளவு மருந்து கொடுத்தனுப்புவாரா?

படகுக்காரர் எங்களைப் பார்த்ததும் மூக்கைச் சுளித்தார். “தோல் மண்டி ஆளுங்களா? காத்துலயே தெரியுது” என்றார். அவர் மேலும் படகு மேலும் அடித்த மீன் கவிச்சியில் எனக்கே மூச்சு முட்டியது. இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று நான் யோசிப்பதற்குள் பாய் சொல்லிவிட்டார். இருவரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் நாங்கள் அந்நியர்களாக இல்லை.

அலையைத் தாண்டுகிற வரைக்கும் பாய் கண்ணை மூடி ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். தாண்டியதும் கண்ணைத் திறந்து, “அவ்ளோதானா?” என்றார். பாய் விரிந்தது, அதாவது துணிப்பாய். படகு சாய்ந்து ஓடியது. அண்ணன் முன்பக்கத்தில் உட்கார்ந்து காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவர் கல்யாணத்தில்தான் பார்த்திருக்கிறேன். வயிறு பிரட்டவில்லை, தலை சுற்றவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

“இன்னாண்ணா, ஒண்ணும் இல்லியா?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் இல்லடா” என்று சிரித்தார்.

போச்சு, ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன்.

படகுக்காரர் கரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். கரையில் தெரிகிற இரண்டு கோபுரங்கள் ஒன்றை ஒன்று மறைக்கிற இடத்தில் பாயை இறக்கி, நங்கூரத்தைப் போட்டார். “இதுக்குக் கீழதான் பாரு” என்றார். கடலடிப் பாறைக்குப் ‘பாரு’ என்று பெயர், மீன் குடியிருப்பது அங்கேதான். தூண்டில் முள்ளில் கணவாய் மீன் துண்டைக் கோத்து, ஈயக்குண்டு கட்டிய கயிற்றை ஆளுக்கொன்று கொடுத்தார். கயிறு கைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது, கடலுக்கு அடி என்று ஒன்று இருக்கிறதா என்று தோன்றுகிற அளவுக்கு.

நின்ற படகு ஆடத் தொடங்கியது. ஓடும்போது இல்லாத ஆட்டம். முன்னால் எழும்பும், பக்கவாட்டில் சாயும், என்ன நினைத்துக்கொள்ளுமோ, நடுவில் ஒரு முறை சுழற்றும். அண்ணன் கயிற்றைப் பிடித்தபடி கரையில் தெரிந்த கோபுரங்களையே பார்த்தார். அப்புறம் சுக்கைக் கேட்டார். அப்புறம் எலுமிச்சம்பழத்தை. அப்புறம் எதையும் கேட்காமல் படகின் விளிம்புக்குத் திரும்பினார்.

நான் பாய்ந்து போய் அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன். நெற்றி பனிக்கட்டி மாதிரி ஜில்லென்று இருந்தது. நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. ஆனால் அந்த நெற்றியைக் கையில் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட முடியவில்லை.

அடுத்தது பாய். அவருக்குத் தலை பிடிக்க ஆள் இல்லாததால் தேக்சாவைக் கட்டிக்கொண்டார். எனக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. எந்த ஊருக்கும் போக விரும்பாத எனக்கு அந்த ஆட்டம் தொட்டில் மாதிரி இருந்தது, பசி வேறு எடுத்தது. நானும் படகுக்காரரும் படகில் வந்த அவருடைய ஆட்கள் இருவரும் பிரியாணி சாப்பிட்டோம். “இந்தத் தம்பிய கடல் வேலைக்கு அனுப்புங்க நைனா” என்றார் படகுக்காரர் வாய் நிறையச் சோற்றோடு. அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. கோபம் இல்லை அது. பொறாமையும் இல்லை. ஆற்றாமை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

உச்சி வெயிலில் அண்ணன் வயிற்றில் வெளியே வர ஒன்றும் மிச்சமில்லை. அப்போதும் குமட்டல் விட்டபாடில்லை. படகுக்காரரே பயந்துபோய், “திரும்பிடலாமா?” என்றார்.

“திரும்பலாம்ணா, போதும். தோத்தது தோத்தாச்சு” என்றேன்.

“பொழுது சாயற வரைக்கும்னுதான் உங்க அண்ணிகிட்ட பேச்சு” என்றார் அண்ணன். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு திரும்ப உட்கார்ந்தார். இப்படி ஒரு பிடிவாதக்காரரை வைத்துக்கொண்டு என்ன செய்வது!

அந்தக் கயிற்றில்தான் மீன் விழுந்தது. அண்ணன் முதலில் பாறையில் மாட்டிக்கொண்டது என்றுதான் நினைத்தார். பிறகு பாறை இழுத்தது. நானும் ஒரு கை போட்டு, இருவர் கையும் கயிறு அறுத்துச் சிவக்கச் சிவக்க மேலே கொண்டுவந்தோம். பெரிய களவா மீன். புள்ளி புள்ளியாகப் பழுப்பு உடம்பு, அகன்ற வாய், ஒரு ஆட்டுக்குட்டி கனம். அண்ணன் அதன் மேல் உள்ளங்கையை வைத்துத் தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரு தடவு தடவினார். “மொதல் தரம்” என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் விளிம்புக்குப் போனார். நானும் போனேன், தலையைப் பிடிக்க.

மேற்கே வெயில் மங்கியதும் நங்கூரத்தைத் தூக்கிப் பாயை விரித்தார்கள். படகு ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் கழுவினார். “பிரியாணி மிச்சம் இருக்கா?” என்று கேட்டார்.

படகுக்காரர் அப்போதுதான் விஷயத்தைக் கேட்டார். எதற்காக இந்தப் பாடு என்று பாய் கதையைச் சொன்னதும் அவர் தலையில் அடித்துக்கொண்டார். “கப்பல்ல போறதுக்கா இது? அட நைனா, மொதல்லியே சொல்லக்கூடாது? நங்கூரம் போட்ட படகுல எவனுக்கும்தான் கொமட்டும். எம் புள்ளங்களே எடுத்திருக்கானுங்க. ஓடற கப்பல்ல இவ்ளோ ஆட்டம் இருக்காது. காலைல ஓடும்போது இவரு நல்லாதான ஒக்காந்திருந்தாரு?”

பாய் துள்ளி எழுந்தார், படகே ஒரு பக்கம் சாய்ந்தது. “கேஸ் ஜெயிச்சாச்சு தோஸ்த்!”

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: “ஓடற படகா நிக்கற படகான்னு அவ கேக்கல பாய். வாந்தி எடுக்கக் கூடாதுன்னுதான் சொன்னா.”

என் அண்ணன்மேல் எனக்கு அப்போது வந்த பிரியத்துக்கு அளவே இல்லை. கூடவே, ரங்கூன் ஒழிந்தது என்ற நிம்மதியும் வந்தது. இரண்டும் சேர்ந்து வரக்கூடாது என்று யார் சொன்னது?

மண்டிக் கிடங்கில் பாய் அந்த மீனைத் தன் கையால் பதப்படுத்தினார். அவருக்குத் தெரிந்த பதம் ஒன்றுதான். முதுகில் பிளந்து விரித்து, தோலுக்குப் போடுவதுபோல் உப்பை வாரிப் போட்டுத் தேய்த்து, உள்பக்கம் உள்ளே போக மடித்து, கோணியில் கட்டினார். மறுநாள் ரயிலில் எங்கள் பெட்டியில் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை.

வீட்டில் மூட்டையைப் பிரித்த அண்ணி, “இது மீனா, ஆட்டுத் தோலா?” என்று சிரித்தார். அந்த உப்பைக் கழுவப் பல குடம் தண்ணீர் ஆயிற்று. குழம்பு கொதிக்கிற வரைக்கும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்களுக்குச் சோறு போட்டு, பாய்க்கும் தட்டு வைத்து, குழம்பு ஊற்றிய பிறகுதான் கேட்டார்.

“வாந்தி எடுத்தீங்களா?”

பாய் முந்திக்கொண்டார். “அதாவது தங்கச்சி, நங்கூரம் போட்ட படகுன்னா, அது வந்து…”

“உங்கள கேக்கலண்ணா.”

“எடுத்தேன்” என்றார் அண்ணன். “நாள் பூரா எடுத்தேன்.”

அண்ணி கரண்டியைச் சட்டியில் வைத்தார். என் பக்கம் திரும்பினார். “தலைய யாரு புடிச்சது?”

“நான்தான் அண்ணி.”

“கப்பல்ல நீ கூடப் போவியா?”

“நான் எதுக்குப் போறேன்?” என்றேன். எனக்கு அப்போதும் ஒன்றும் விளங்கவில்லை.

“அப்ப நான்தான் போவணும்” என்றார் அண்ணி. “ஒரு நாளுக்கே இப்படின்னா, இந்த மனுசன தனியா எப்படி அனுப்பறது? போவ வேணாம்னு சொல்லி இங்கயே ஒக்கார வெச்சா, தெனமும் தோல்ல இருக்கற அந்தச் சூட்டுக் குறியத் தடவிட்டு இருப்பாரு. அத என்னால பாக்க முடியாது.”

பாய் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அண்ணன் அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார், வாயைத் திறந்தால் அந்தச் சொல் மாறிவிடுமோ என்று பயந்தவர் மாதிரி. கப்பல் என்றால் உடைவது என்றுதான் அண்ணிக்குத் தெரியும். தெரிந்துதான் அதில் ஏறுகிறேன் என்றார்.

ஒருவர் போகக்கூடாது என்று ஆசைப்பட்ட எனக்கு இருவருமே போகிறார்கள் என்று ஆயிற்று. “நானும் வர்றேன்” என்றேன். என் குரலே எனக்குச் சின்னப் பிள்ளைக் குரலாகக் கேட்டது.

“உனக்கு வேல இங்க. வீட்டப் பாத்துக்க ஆள் வேணாமா? பாய் இருக்காரு, பாத்துப்பாரு” என்றார் அண்ணி.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மீசை முளைத்த ஆண்பிள்ளை, மீன் குழம்புத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, தோள் குலுங்க அழுதேன். அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில், தொடை ஒட்ட உட்கார்ந்தார். அண்ணிதான், தன் கண்ணையும் முந்தானையால் துடைத்துக்கொண்டே, “சோறு கம்மியா இருக்கு, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ” என்றார்.

போட்டுக்கொண்டேன்.