வரைபடத்தில் இல்லாத கிணறு

சில வருடங்களுக்கு முன், ஒரு தை மாதத்தில் நடந்தது இது. அப்போது மதுரையில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. ஜியாலஜி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். சம்பவம் நடந்த இடம் வாடிப்பட்டியைத் தாண்டி, சிறுமலை அடிவாரத்தை நோக்கிப் போகும் ஒரு மண் பாதையின் ஓரத்தில் இருந்த கிணறு.

ஜியாலஜி நான் ஆசைப்பட்டு எடுத்த படிப்பு இல்லை. கேட்ட பாடம் கிடைக்கவில்லை, கிடைத்ததில் சேர்ந்தேன். சொந்தக்காரர்கள், "ஜுவாலஜியா? நல்லதுதான், டீச்சர் ஆகலாம்" என்பார்கள். இல்லை, இது பாறை, மண், நிலத்தடி நீர் பற்றிய படிப்பு என்று விளக்கினால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த அப்பா, நான் வீட்டுக்குக் கொண்டுவந்த கற்களை, கால் இடிக்கிறது என்று மாடிக்குக் கொண்டுபோய் வைத்தார்.

இரண்டாம் ஆண்டில் எல்லோரும் ஒரு ஆய்வு செய்ய வேண்டும். மழைக்கு முன்னும் பின்னும் விவசாயக் கிணறுகளில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று அளந்து, ஒரு வரைபடமாகப் போடுவது என் ஆய்வு. அந்தப் பக்கம் கிணறுகளும் நிறைய, பஸ்ஸும் நிறைய என்பதால் எங்கள் பேராசிரியர் வாடிப்பட்டி வட்டாரத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

என் வகுப்பு நண்பன் ஒருவன் அதே வட்டாரத்தின் பாறைகளை ஆய்வுக்கு எடுத்திருந்தான். செல்லூர்க்காரன். வீட்டில் விசைத்தறி. தறிச் சத்தத்திலேயே வளர்ந்ததாலோ என்னவோ, சாதாரணமாகப் பேசுவதே பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். அவனோடு பைக்கில் போய்வர வீட்டில் முதலில் தயங்கினார்கள். அவன் ஒருநாள் வந்து, அம்மா வைத்த இட்லியைத் தட்டு காலியாகும்வரை சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் சட்னியும் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகு, சரி என்றார்கள். காலையில் காளவாசலில் என்னை ஏற்றிக்கொள்வான். வெயில் ஏறுவதற்குள் வாடிப்பட்டியைத் தாண்டிவிடுவோம்.

வேலை எளிமையானது. கிணற்று மேட்டில் நின்று, நுனியில் எடை கட்டிய டேப்பைத் தண்ணீரைத் தொடும்வரை இறக்கி, அளவைக் குறித்துக்கொள்வது. கஷ்டமெல்லாம் ஆட்களிடம் பேசுவதில்தான். சிலர் எங்களை நீரோட்டம் பார்க்க வந்தவர்கள் என்று நினைத்து, போர் எங்கே போடலாம் என்று கேட்பார்கள். சிலர் இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள். ஆனால் அந்த வருடம் அந்தப் பகுதியில் புது ரோடு ஒன்று வரப்போவதாகப் பேச்சு இருந்தது. டேப்பும் கையுமாக யார் வந்தாலும், நிலத்தை எடுக்கத்தான் அளக்கிறார்கள் என்ற பயம். அது எங்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ரோடு எங்கள் பாடத்தில் இல்லை.

அன்று ஒரு தென்னந்தோப்பின் வாசலில் வண்டியை நிறுத்தினோம். நாற்பது வயதைத் தாண்டிய ஒரு அக்கா மட்டைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நைட்டிக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் துண்டு. காலேஜில் இருந்து வருகிறோம், கிணற்றில் தண்ணீர் மட்டம் மட்டும் பார்த்துவிட்டுப் போகிறோம் என்றேன். அடையாள அட்டையையும் காட்டினேன். அவர் அட்டையைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த டேப்பைப் பார்த்தார்.

"அளக்குறதுக்கெல்லாம் விட மாட்டேன். போயிட்டு வாங்க."

"இல்லக்கா, இது படிப்புக்குத்தான். ரோட்டுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்ல" என்றான் நண்பன்.

"போன தடவ வந்தவய்ங்களும் சும்மா பாத்துட்டுப் போறோம்னுதேன் சொன்னாய்ங்க. மறுவாரம் வந்து கொல்லைக்குள்ள கல்ல ஊண்டிட்டுப் போயிட்டாய்ங்க. கெளம்புங்க தம்பி."

கிளம்பிவிட்டோம். இப்படி மறுப்பது புதிதில்லை. அந்தக் கிணற்றை விட்டுவிட்டு அடுத்ததைத் தேடிப் போவதுதான் வழக்கம். மண் பாதையில் சுற்றிக்கொண்டு போனோம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், கொய்யாத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு பெரிய கிணறு தெரிந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சுற்றுமுற்றும் ஆள் இல்லை. கூப்பிட்டுப் பார்த்தோம், பதில் இல்லை. சரி, அளந்துவிடுவோம், யாராவது வந்தால் சொல்லிக்கொள்ளலாம் என்று நண்பன் டேப்பை இறக்கி, அளவைத் தன் போனில் குறித்துக்கொண்டான்.

வேலை அத்தோடு முடிந்துவிட்டது. நான்தான் கிணற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டும் படம் அப்படியே எதிரில் இருந்தது. மேலே செம்மண், அதற்குக் கீழே சுண்ணாம்புக் கட்டிகள், அதற்குக் கீழே கையால் உதிர்க்கிற அளவுக்கு மக்கிப்போன பாறை, பிறகு கறுப்பும் வெள்ளையுமாக வரி ஓடிய கெட்டிப் பாறை. அந்தப் பாறையில் ஒரு வெடிப்பு சாய்வாக இறங்கியது. அதிலிருந்து தண்ணீர் கசிந்து மினுங்கியது. நிலத்தடி நீர் பாறை வெடிப்புகள் வழியாக வருகிறது என்று எத்தனையோ தடவை பரீட்சையில் எழுதியிருக்கிறேன். வருவதைப் பார்த்தது அன்றுதான். கிட்டே போய் ஒரு போட்டோ எடுக்கலாம் என்று தோன்றியது.

சுவரில் கற்கள் படி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. "வேணாம், பாசி பிடிச்சிருக்கு" என்று நண்பன் சொன்னான். நான் இறங்கினேன். மேல் படிகள் கெட்டியாகத்தான் இருந்தன. வெடிப்புக்கு அருகே வந்து போனை எடுத்தபோது, காலடியில் இருந்த கல் மெதுவாகத் தலையைக் குனிந்துகொண்டது. அப்படித்தான் இருந்தது எனக்கு. அடுத்து நான் தண்ணீருக்குள் இருந்தேன்.

எனக்கு நீச்சல் தெரியாது. நண்பனுக்கும் தெரியாது. மதுரை டவுனில் வளர்ந்தவர்களுக்கு வைகையில் நீந்துவதற்குத் தண்ணீர் எப்போது இருந்தது? தை மாதம் என்பதால் கிணற்றில் பாதிக்கு மேல் தண்ணீர். ஒருமுறை உள்ளே போய் மேலே வந்தேன். மூக்கெல்லாம் எரிந்தது. கை சுவரில் பட்டது. விரல்கள் எதற்குள்ளோ நுழைந்தன. பாறையில் இருந்த ஒரு பிளவு. அதைப் பிடித்துக்கொண்டு, தாடை வரை தண்ணீரில் தொங்கினேன்.

மேலே நண்பன் கத்துவது கேட்டது. அந்தக் குரலை நாங்கள் எத்தனையோ நாள் கிண்டல் செய்திருக்கிறோம். அன்று அது வாய்க்காலைத் தாண்டிப் போனது.

விரல்கள் மரத்துக்கொண்டே வந்தன. எனக்குப் பக்கத்தில், கை நீட்டினால் எட்டும் தூரத்தில், மோட்டாரிலிருந்து மேலே போகும் கறுப்பு ஓஸ் பைப் இருந்தது. அதைப் பிடித்துவிட்டால் தப்பித்துவிடலாம். ஒரு கையைப் பிளவிலிருந்து எடுத்து அதை நோக்கி நீட்டினேன்.

"ஏ புள்ள! அதத் தொடாத! பைப்பத் தொட்ட, தெரியும் சேதி!"

நிமிர்ந்து பார்த்தேன். கிணற்று விளிம்பில் அந்தத் தென்னந்தோப்பு அக்கா. இந்தக் கிணறும் அவருடையதுதான் என்று அப்போதுதான் புரிந்தது. என் கை அப்படியே நின்றது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுகணம் முகம் மறைந்துவிட்டது.

அந்தச் சில நொடிகள்தான் எனக்கு இன்றும் மறக்காமல் இருப்பவை. சாகப்போகிறேன் என்ற பயத்தைவிட, ஒரு பைப்புக்காக இப்படிக் கத்திவிட்டுப் போய்விட்டாரே என்ற வியப்புதான் அதிகம் இருந்தது. அழுகை வரவில்லை. எதிரில் இருந்த பாறையின் வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை, கறுப்பு, வெள்ளை. அவை மேற்குப் பக்கம் சாய்ந்திருந்ததுகூட நினைவிருக்கிறது. மனசு எங்காவது ஒட்டிக்கொள்ள இடம் தேடியது போலிருக்கிறது.

அப்போது மோட்டாரின் உறுமல் நின்றது.

கிணற்றுக்குள் திடீரென்று அவ்வளவு அமைதி. அவர் முகம் மறுபடி மேலே வந்தது.

"இப்பப் பிடி தாயி! கரண்ட அமத்திட்டேன். பைப்போட கட்டுன வயர்ல லீக்கு இருக்கு. இப்பப் பிடிச்சுக்க, வாரேன்!"

பைப்பைப் பிடித்தேன். அவர் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, நான் இறங்கிய பக்கம் இல்லாமல் எதிர்ப் பக்கப் படிகளில் இறங்கினார். மோட்டாரைத் தூக்கும் கயிற்றின் ஒரு முனை அவர் கையில் இருந்தது. மறுமுனையை மேலே ஒரு மரத்தில் சுற்றி நண்பன் பிடித்திருந்தான். தண்ணீருக்குள் குதித்து என்னிடம் நீந்தி வந்தார். கயிற்றை என் கைகளுக்கு அடியில் கொடுத்து முடிச்சுப் போட்டார். "தம்பி, மெதுவா இழு, வெடுக்குன்னு இழுக்காத" என்று மேலே சொல்லிவிட்டு, என் முதுகைத் தாங்கியபடியே எதிர்ப் பக்கப் படிக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு படியிலும் முதலில் என் கால் எங்கே வைக்க வேண்டும் என்று கையால் தட்டிக் காட்டினார். மேலே வந்து தரையில் உட்கார்ந்ததும் எனக்கு வாந்தி வந்தது. அவர் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு திட்டு விழுந்தது. எனக்கு இல்லை, நண்பனுக்கு.

"ஏன்டா, பொம்பளப் புள்ளய கெணத்துக்குள்ள எறக்கி விட்டுட்டு மேல நின்னு வேடிக்க பாக்குறியா?"

"நான் வேணாம்னுதான் சொன்னேன்க்கா" என்றான். அவன் முகம் வெளுத்திருந்தது. அன்று முழுக்க அவன் மெதுவாகவே பேசினான்.

மோட்டார் ரூமில் இருந்த தன் மாற்று நைட்டியை அந்த அக்கா எனக்குக் கொடுத்தார். முழங்காலில் நல்ல காயம். தன் ஸ்கூட்டரில் என்னை ஏற்றி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய்க் கட்டுப்போட்டு ஊசி போட வைத்தார். என்ன ஆச்சு என்று நர்ஸ் கேட்டபோது, "நம்ம புள்ளதேன், வழுக்கி விழுந்துருச்சு" என்று முடித்துக்கொண்டார். திரும்பும் வழியில் டீ வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை பார்க்கிறார், தோட்டத்தைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ரோட்டுக்கு ஊன்றிய கல், தோப்பையும் கொய்யாவையும் பிரிக்கிற மாதிரி இருக்கிறதாம்.

கிளம்பும் நேரம். நண்பன் தலையைச் சொறிந்தபடி கேட்டான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. தண்ணி மட்டத்த மொதல்லயே பாத்துட்டோம். அத மட்டும் எழுதிக்கிறவா? பேரெல்லாம் போட மாட்டோம்."

எனக்கும் உள்ளுக்குள் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. இவ்வளவுக்குப் பிறகு மறுக்க மாட்டார் என்று நினைத்தேன்.

"புள்ள உசுரு வேற, எங்க காடு வேற தம்பி. எழுதாத. எழுதியிருந்தா அழிச்சிரு."

கோபமாகச் சொல்லவில்லை. டீ குடிக்கச் சொன்ன அதே குரல்தான். நண்பன் என்னைப் பார்த்தான். "அழிச்சிரு" என்றேன். அவர் எதிரிலேயே அழித்தான். அவர் போனை எட்டிப் பார்க்கக்கூட இல்லை. சட்டைப் பையிலிருந்து இரண்டு கொய்யாக்காயை எடுத்து என் கையில் வைத்தார். "பாத்துப் போங்க" என்றார்.

வரைபடம் தயாரானபோது அந்தப் பகுதி மட்டும் காலியாக இருந்தது. அங்கே கிணறே இல்லையா என்று பேராசிரியர் கேட்டார். இருக்கிறது, உரிமையாளருக்கு விருப்பமில்லை என்றேன். நான் கிணற்றில் விழுந்த கதையை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் பேனாவை எடுத்து, அந்த இடத்தில் மட்டும் நீர்மட்டக் கோட்டைப் புள்ளி புள்ளியாகப் போட்டார். "தெரியலன்னா தெரியலன்னு காட்டணும். அவ்வளவுதான்" என்றார்.

துவைத்து மடித்த நைட்டியைக் கொடுக்க, அம்மாவோடு பஸ்ஸில் ஒருநாள் அங்கே போனேன். அம்மா அந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றார். அவர் கூச்சப்பட்டுக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"நீச்சல் பழகிட்டியா?"

இல்லை என்றேன்.

"அப்பறம் என்னத்துக்கு கெணறு கெணறா போற? மொதல்ல அதப் பழகு."

அந்தக் கோடையிலேயே பழகினேன். கிணற்று வயரை மாற்றிவிட்டதாகவும் அன்று சொன்னார். ரோடு பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தண்ணீர் மட்டத்தையும் கேட்கவில்லை.

இப்போது நிலத்தடி நீர் ஆய்வு செய்யும் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மாதத்தில் பாதி நாள் யாருடைய நிலத்திலாவதுதான் நிற்கிறேன். எதற்காக அளக்கிறோம், அந்த அளவு யார் கைக்குப் போகும் என்பதை முதலில் சொல்கிறேன். வேண்டாம் என்றால் திரும்பிவிடுகிறேன். அதில் எனக்கு வருத்தம் வருவதில்லை. என்னைக் கடைசிவரை நம்பாத ஒருவர்தான், கொஞ்சமும் தயங்காமல் எனக்காகத் தண்ணீரில் குதித்தார். அதனால் ஒருவர் என்னிடம் இல்லை என்று சொல்லும்போது, அவரிடம் அன்பு இல்லை என்று மட்டும் நான் நினைப்பதே இல்லை.