பின் சீட்டில் பட்டாணி உரித்தவர்கள்

எங்கள் முதல் குழந்தை மூன்றாம் மாதமே வயிற்றில் தங்காமல் போனதற்கு என் கணவர் கண்டுபிடித்த குற்றவாளி, காரின் பின்பக்க ஸ்பிரிங். அதற்கும் காருக்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார். இவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் பாயை எடுத்துக்கொண்டு போய்க் காருக்கு அடியில் படுத்தார்.

தில்லி ரிங் ரோட்டில் எங்கு பார்த்தாலும் மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. தோண்டிப் போடாத சாலை கிடையாது. எங்கள் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்குள்ளேயோ நாலு வீட்டுக்கு ஒரு ஸ்பீட் பிரேக்கர். கார் யாரோ ஓட்டித் தேய்த்துக் கைமாற்றிய சின்னக் கார். பின்னால் உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும். நான் மறுபடி உண்டானது தெரிந்ததும், கஷ்மீரி கேட் உதிரிபாகக் கடைகளில் அலைந்து ஒரு ஜோடி காயில்ஓவர் வாங்கி வந்துவிட்டார். பழைய அமைப்பில் ஸ்பிரிங் ஓரிடம், ஷாக் அப்சார்பர் ஓரிடம். இதில் ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங். திருகி உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். மெத்தென்று இருப்பதாகக் கேட்டு வாங்கினாராம். என்னை அலுங்காமல் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அந்த மனிதருக்கு வேறு ஆசை இல்லை.

மாட்டி முடித்துத் தனியாக ஒரு சுற்றுப் போய் வந்தார். "சும்மா வழுக்கிட்டுப் போகுது" என்றார். தனியாகப் போனதுதான் தப்பு. எங்கள் பிளாக்கில் கார் வைத்திருப்பவர் எவரும் கிருத்திகையன்று மலை மந்திர் முருகன் கோயிலுக்குத் தனியாகப் போய்விட முடியாது. மாடி மாமி தலைமையில் பின் சீட்டு நிரம்பி வழியும். அன்றும் வழிந்தது; நான் முன்னால் இருந்தேன். கோயிலுக்குத் திரும்பும் இடத்து ஸ்பீட் பிரேக்கரில் பின்னாலிருந்து டப் என்று ஒரு சத்தம்.

"தேங்கா உடைஞ்சுடுத்து போலிருக்கே" என்றார் மாமி.

தேங்காய் முழுசாகத்தான் இருந்தது. டிக்கியைத் திறந்தால், ஷாக்கின் மேல்முனையைப் பிடித்திருந்த தகடு கிழிந்து நின்றது. ஷாக்கை மட்டும் பிடித்துக்கொள்வதற்கென்று செய்த மெல்லிய தகடு அது. அதுவரை காரின் கனத்தை ஸ்பிரிங் வேறிடத்தில் தாங்கியிருக்கிறது. இவர் இரண்டையும் ஒன்றாக்கியதில் மொத்தக் கனமும் அந்தத் தகட்டின் தலையில் வந்து விழுந்துவிட்டது.

எனக்கு வந்த கோபத்தில், "இனிமே இந்த வண்டில ஏற மாட்டேன். ஆட்டோல போயே பெத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டேன். வழக்கமாகப் பதிலுக்குப் பதில் பேசுகிறவர் அன்று கிழிந்த தகட்டை விரலால் தடவிக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு கோபத்தை வைத்துக்கொள்ள எனக்குத் தெம்பில்லை.

மறுநாள், தீபாவளிக்கு இனிப்பு வந்த பழைய அட்டைப் பெட்டியைப் பிரித்து, கிழிந்த இடத்தின் அளவுக்கு வெட்டிக்கொண்டிருந்தார். நான் கேட்காமலே சொன்னார்: "பொத்தான் இழுத்துச் சட்ட கிழிஞ்சா, உள்ள ஒரு துண்டுத் துணி வச்சுத் தைப்பேல்லா? அப்படித்தான். பெரிய தகடா வச்சா பாரம் பரவிரும்."

அந்த அட்டைகளைக் கொண்டுபோய்ப் பக்கத்து முனிர்காவில் ஒரு வெல்டிங் கடையில் கொடுத்து, அதே வடிவில் தடித்த இரும்புத் தகடுகள் வெட்டி வாங்கினார். கிழிந்த தகட்டுக்கு மேலும் கீழும் வைத்துப் பற்றவைத்து, இரு பக்கத்தையும் குறுக்கே ஒரு குழாயால் இணைத்து, துருப்பிடிக்காமல் செங்காவி பெயின்ட்டும் அடித்தார். அந்த வாடை எனக்குக் குமட்டியது. ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

இந்த முறை பாரம் ஏற்றித்தான் சோதிப்பேன் என்று ஒரே பிடிவாதம். பாரத்துக்கு எங்கே போவது? ஜனவரி வெயில் காய மாமியும் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டியும் புல்தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள். இவர் போய்ப் பணிவாகக் கேட்டார். இருவரும் பட்டாணிப் பையும் தட்டுமாக வந்து பின் சீட்டில் ஏறிக்கொண்டார்கள். நடுவில் நான். எங்கேயும் போகாத காருக்குள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று பேர் பட்டாணி உரிப்பதை பிளாக்கே வந்து பார்த்துவிட்டுப் போனது. இவர் குனிவதும், அளப்பதும், எங்களை இறக்கிவிட்டு ஸ்பிரிங்கைத் திருகுவதும், மறுபடி ஏற்றுவதுமாக இருந்தார்.

"மட்டரெல்லாம் ஆயிடுத்துப்பா. ஜல்தி முடியேன்" என்று பட்டாணித் தட்டைக் காட்டி மாமி அலுத்துக்கொண்டார். இறங்கத்தான் மனசில்லை. எனக்கும்தான். தில்லியில் நான் அவ்வளவு சிரித்த இன்னொரு மத்தியானம் நினைவில் இல்லை.

மழைக்காலத்தில் ஒரு காலை வலி கண்டது. மாமி மடியில் தலை வைத்து அதே பின் சீட்டில் படுத்துப் போனேன். சைக்கிள்காரர்கள் எல்லாம் எங்களை முந்திப் போனார்கள். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் இவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றினார்.

வலிக்கு நடுவில் எனக்குப் பொறுக்கவில்லை. "காரால இல்லன்னு டாக்டரம்மா அன்னைக்கே சொன்னாங்கல்ல. சீக்கிரம் போங்க" என்றேன்.

"தெரியும்" என்றார், சாலையைப் பார்த்தபடியே. "எனக்குச் சரி பண்ணத் தெரிஞ்சது இது ஒண்ணுதானே."

பெண் பிறந்தாள். வீடு திரும்பும்போது அவளை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு மேடு தாண்டியதும் முன்னாலிருந்து, "முழிச்சிட்டாளா?" என்று கேட்டார். "இல்ல, அவ தூங்குதா" என்றேன். வீடு வரும்வரை அதே கேள்வி, அதே பதில்.