ஆசிட் டிரம்மில் நிற்காத ஸ்டிக்கர்

திருவெறும்பூரில் ஸ்டிக்கர் கடை வைத்திருந்த சகாயராணிக்குப் பட்டறை முதலாளி பாஸ்கரனைக் கண்டாலே ஆகாது. ஆசிட் டிரம்களுக்கு எச்சரிக்கை ஸ்டிக்கர் கேட்டு அவர் வந்தபோதே, "டிரம்மோட வழவழப்பு பிளாஸ்டிக்ல சாதா வினைல் ஸ்டிக்கர் நிக்காதுங்க. பசை கெட்டியா இருக்கற ரகம்தான் பிடிக்கும்" என்று சொன்னாள்.

"எனக்குப் பாடம் எடுக்காத" என்று அவர் சாதாவையே வாங்கிப் போனார்.

பத்தே நாளில் ஸ்டிக்கர் உரிந்து விழுந்தது. அந்த டிரம்மில் இருப்பது தண்ணீர் என்று நினைத்துக் கையை விட்ட தொழிலாளி அடைக்கலத்துக்கு மணிக்கட்டு வரை வெந்துபோனது.

பாஸ்கரன் காலி டிரம் ஒன்றைக் கடைக்குள் உருட்டிவிட்டுத் தெருவே கேட்கக் கத்தினார். "உன் ஸ்டிக்கராலதான் அவன் ஆஸ்பத்திரியில கிடக்கான்."

தெரிந்தே விற்றோமே என்று அவளுக்கும் உறுத்தியது. அதை இந்த ஆளிடம் சொல்ல மனம் வரவில்லை. டிரம்மை ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு ரகத்திலும் ஒவ்வொரு துண்டை அழுத்தி ஒட்டினாள். "நாளைக்கு வந்து நீங்களே உரிங்க."

மறுநாள் சாதா துண்டு விரல் பட்டதும் கையோடு வந்தது. மற்றதை உரிக்கப் போய் அவர் நகம்தான் பிய்ந்தது.

"அதையே குடு" என்று முறைத்தார்.

"உங்க கையில குடுக்க மாட்டேன். நானே வந்து ஒட்டறேன்."

பட்டறைக்குப் போய் எல்லா டிரம்மிலும் ஒட்டினாள். அடைக்கலம் எந்த வார்டு என்று வேலையாட்களிடம் கேட்டுக்கொண்டு கிளம்பினாள். பாஸ்கரனிடம் சொல்லிக்கொள்ளவில்லை.